முதலில் பெயர், பிறகு வேலை

முத்துக்குமரன் ஒயரைப் பிடுங்கி எறிந்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீயில் அன்றைக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். கீழே கடையில் மாஸ்டர் மாறியிருந்தார்.

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. டிஸ்க்கை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"அண்ணே... எழுதியிருக்குண்ணே. படிக்கச் சொன்னா எழுதியிருக்குண்ணே. நான் ரீட்-ஒன்லிதாண்ணே குடுத்தேன்!"

டம்ளரை வைத்துவிட்டுப் போய் அவன் தோளில் கை போட்டேன். திரையில் எழுபத்தொரு சதவீதம் என்று நின்றது. மதியம் மணி இரண்டு பத்து. அவனைத் தாங்கி உட்கார வைத்தேன். இன்னொரு கையால் அந்தத் திரையை மூடினேன். அவன் தட்டிய வரி அதோடு போனது.

சதவீதத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அது நூறு ஆகியிருந்தால் பின்னால் எனக்கு ஒரு வேலை மிச்சமாகியிருக்கும்.

இன்ஸ்பெக்டர் தமிழ்வாணி மேடம், "நீட்டி முழக்க வேணாம், நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க" என்று சொல்லி வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். நல்லது. இருபத்திரண்டு வருஷம் மிஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தவன் நான். தனிஸ்லாஸ் சார் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது என்பார்கள். வரிசையாக எழுதிவிடுகிறேன். முதல் நாள் நீங்கள் கேட்ட முதல் கேள்வியை மட்டும் கடைசிக்கு ஒதுக்குகிறேன். புரோகிராமில் இருந்த அந்த நாலு வரிகளை எழுதியது யார் என்று கேட்டீர்கள். அது அவ்வளவு முக்கியமில்லை என்பது என் எண்ணம்.

பள்ளி வேலையை விட்ட பிறகு எட்டு வருஷமாக கே.கே. நகரில் இந்த ஆபீஸ். கீழே டீக்கடை, மேலே நாங்கள். கிளினிக்குகளுக்கும் பள்ளிகளுக்கும் டிஸ்க்குகள் வாங்கிக் கொடுப்போம், சோதித்தும் கொடுப்போம். சோதிப்பதற்கு நாங்களே செய்து வைத்த ஒரு புரோகிராம் உண்டு. பெயர் டிஸ்க்ரன். ஒரு டிஸ்க் எவ்வளவு வேகமாக எழுதும், எவ்வளவு வேகமாகப் படிக்கும் என்று அளந்து சொல்லும். அதில் அழுத்துவதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்ட வேண்டும். எந்த டிஸ்க் என்று பெயர். அதை எப்படிச் சோதிப்பது என்று ஆப்ஷன்கள். ஆப்ஷன் என்றால் முன்னால் சின்னக் கோடு போட்ட சொல், அவ்வளவுதான்.

ஆப்ஷன்களில் முக்கியமானது ரீட்-ஒன்லி. அதைக் கொடுத்தால் டிஸ்க்கில் இருப்பதைப் படித்து மட்டும் பார்க்கும். கொடுக்காவிட்டால் டிஸ்க்கின் தலையிலிருந்து எழுதிக்கொண்டே போகும். எழுதினால் அங்கே இருந்தது போச்சு. புது டிஸ்க்குகளுக்கென்று செய்த புரோகிராம் என்பதால், "எழுதட்டுமா" என்று நிறுத்திக் கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை. நூறு டிஸ்க் வந்து இறங்கினால் நூறு தடவை யார் சரி சொல்லிக்கொண்டிருப்பது?

முத்துக்குமரன் எங்கள் மேனேஜர். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன். மேற்கே விவசாயம் பார்க்கிற குடும்பத்தில் பிறந்து படித்து மேலே வந்தவன். திறமைசாலிதான், அதை நான் மறைக்கவில்லை. அவனிடம் ஒரு பழக்கம். டிஸ்க்கின் பெயரை முதலில் தட்டுவான். ஆப்ஷன்களைப் பின்னால் தட்டுவான். புதிதாக யார் சேர்ந்தாலும் அதையே சொல்லிக்கொடுப்பான்.

"மாப்ள, ஒரு ஆள்கிட்ட வேலை வாங்கணும்னா என்ன செய்வ? மொதல்ல பேரச் சொல்லிக் கூப்புடுவ. அப்புறந்தான் வேலையச் சொல்லுவ. பேரே சொல்லாம தண்ணி கொண்டான்னு கத்துனா எவன் திரும்புவான்?"

எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரும் அப்படியே தட்டுவார்கள். நான் ஒருவன்தான் ஆப்ஷன்களை முன்னால் தட்டுகிறவன். பழைய வாத்தியார் கை, மாறவில்லை.

என் மகன் ஜூடு முத்துக்குமரன் மாதிரியே தட்டினான்.

ஜூடை அங்கே சேர்த்துவிட்டது நான்தான். மூன்றரை வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தான். போன வருஷம் ஒரு பங்குக் கோவிலிலிருந்து ஒரு டிஸ்க் வந்தது. நூற்றிருபது வருஷத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றின் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து அதில் வைத்திருந்தார்கள். தாள்கள் தொட்டால் உதிரும் நிலை. இன்னொரு தடவை ஸ்கேன் செய்ய வழியில்லை. டிஸ்க் மெதுவாக இருக்கிறது, வேகம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். ஜூடு பார்த்தான். நூற்றிருபது வருஷமும் நாற்பது நிமிஷத்தில் போனது.

பதறிப்போய் இயந்திரத்தையே அணைத்துவிட்டான். அதனால் அவன் தட்டிய வரி என்னவென்று காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"அண்ணே, நான் ரீட்-ஒன்லிதாண்ணே குடுத்தேன்" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

முத்துக்குமரன் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "டிஸ்க்ரன் சொன்னதத்தான்டா செய்யும். அதுக்கென்ன உன் மேல பகையா? அடிச்சது உன் கைதான?"

ஜூடு திரும்பி என்னைப் பார்த்தான். என் மேஜை எதிர்மேஜை. நான் ஒன்றும் பேசவில்லை. மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவது ஆபீஸ் முறையில்லை. பங்குச் சாமியாருக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று தர வேண்டும் என்றார்கள். ஜூடுக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. அதனால் கடிதத்தை நான் எழுதினேன். 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கும். அவன் கையெழுத்து மட்டும் போட்டான்.

அன்று மத்தியானம் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் வீடு வரவில்லை. வைகையில் அந்த வாரம் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் சோழவந்தானுக்குக் கீழே கிடைத்தான். இறங்கினானா, தவறி விழுந்தானா என்று உங்கள் ஆட்களே முடிவாக ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு ஆபீஸே வந்தது. முத்துக்குமரன் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினான். அவன் மனைவி ரோகிணி என் மனைவி சூசையம்மாளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு.

அதற்கடுத்த வாரம் முத்துக்குமரன் அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்த டிஸ்க்ரனின் பதிப்பை எல்லா இயந்திரத்திலிருந்தும் எடுத்துவிட்டு, பழைய பதிப்பையே போடச் சொன்னான். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. பதினோரு மாதம் பழையதே ஓடியது.

பிறகு ஆடி மாதம் ஒரு காலையில் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடினான்.

"அண்ணே, அந்தப் புதுப் பதிப்ப ஒருதடவ பாருங்களேன். ஆப்ஷன் வாங்குற எடத்துல ஏதோ கோளாறு இருக்கும்னு எனக்குத் தோணுது. அவன் சொன்னது என் காதுலயே நிக்குதுண்ணே. நீங்களே பாத்து நீங்களே சரி பண்ணிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"பாக்குறேன் தம்பி" என்றேன்.

உள்ளே நுழையும் ஒவ்வொரு சொல்லையும் திரையில் காட்டும்படி புரோகிராமின் நடுவே சில வரிகளைச் சேர்த்தேன். இருட்டு வீட்டில் அறைக்கு அறை விளக்குப் போட்டுக்கொண்டு போவது மாதிரி. முதல் நாள் முழுக்க வெற்று டிஸ்க்குகளை வைத்து ஓட்டினேன். ரீட்-ஒன்லி கொடுத்தால் படித்தது. கொடுக்காவிட்டால் எழுதியது. ஒரு குறையும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் பதினொன்றரை மணிக்கு ஜூடின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஜூடு மாதிரி தட்டினேன். பெயர் முதலில், ரீட்-ஒன்லி பின்னால்.

திரையில் ஒரு சொல்தான் வந்தது, பெயர். அதோடு விளக்கு அணைந்தது. பெயரை வாங்கிக்கொண்ட புரோகிராம் அதற்கு மேல் எதையும் படிக்கவில்லை. ரீட்-ஒன்லி வாசலிலேயே நின்றுவிட்டது. பிழை என்றுகூட ஒரு வார்த்தை சொல்லாமல் புரோகிராம் எழுதத் தொடங்கியது.

பழைய பதிப்பு அப்படி இல்லை. வரி முழுவதையும் படித்துவிட்டுத்தான் வேலையில் இறங்கும். எது முன்னால் எது பின்னால் என்ற பேச்சே இல்லை. ஒரே வரியில் பல டிஸ்க்குகளைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதால், புதுப் பதிப்பில் அந்த இடம் மாற்றப்பட்டது. நாலு வரிகள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று முத்துக்குமரன் நெருக்கியிருந்தான். சரிபார்த்தாயிற்று என்று ஒப்புதல் கொடுத்ததும் முத்துக்குமரன்தான். அடுத்த வாரம் ஜூடு போய் உட்கார்ந்தான்.

ஜூடு பொய் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் இதைச் சூசையம்மாளிடம் சொல்லியிருக்கலாம். "எம்புள்ள பொய் சொல்ல மாட்டாங்க" என்று பதினோரு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அன்று அவள் குழம்பு ஊற்றும்போதுகூட வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் பதிலுக்கு அவள் ஒன்றே ஒன்று கேட்பாள். அதைக் கேட்கவிட எனக்கு விருப்பமில்லை.

படுத்துக்கொண்டு யோசித்ததில் விஷயம் தெளிவாகத்தான் இருந்தது. பெயரை முதலில் தட்டு என்று பழக்கியவன் ஒருவன். வெள்ளிக்கிழமைக்குள் என்று விரட்டியவன் அவனே. படித்துப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தவனும் அவனே. எல்லோர் முன்னாலும் 'உன் கைதான' என்றவனும் அவனே. இதற்கு மேல் வேறு ஆளைத் தேட வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

அந்த நாலு வரிகளையும் திருத்தினேன். எங்கள் ஆபீஸில் சோதனைக்கென்று ஆறு இயந்திரங்கள். ஐந்தில் திருத்திய பதிப்பைப் போட்டேன். ஆறாவது முத்துக்குமரனுடையது, அதில் திருத்தாததைப் போட்டேன். மற்றவர்களிடம் வருவது நோயாளிகளின் எக்ஸ்ரேயும் பிள்ளைகளின் மார்க்குகளும். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நான் பொறுப்பில்லாதவன் இல்லை, மேடம். முத்துக்குமரன் கைக்கு வருவதெல்லாம் கம்பெனி சாம்பிள் அனுப்பும் புது டிஸ்க்குகள்தான். அவற்றில் அழிவதற்கு ஒன்றும் இல்லை.

"சரி பண்ணிட்டேன் தம்பி. இனி எப்படி வேணா அடிக்கலாம்" என்று சொன்னேன்.

அவன் கண் கலங்கியது. "ரொம்ப தேங்க்ஸ்ணே" என்றான். எதற்கு அவ்வளவு நன்றி என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு, அவனுக்கென்று சொந்தமான டிஸ்க் ஒன்று அந்த இயந்திரத்துக்கு வரட்டும் என்று ஐந்து வாரம் காத்திருந்தேன். காத்திருப்பது ஒன்றும் சிரமமாக இல்லை.

முத்துக்குமரனுக்கு ஒரே பெண் குழந்தை இருந்தது. திவ்யா. மூன்று வருஷத்துக்கு முன்னால், எட்டு வயதில், மூளைக்காய்ச்சல். நான்கே நாள். நான் எந்நேரமும் டம்ளரும் கையுமாக இருப்பதால் என்னை டீ தாத்தா என்று கூப்பிடும். அவள் போன பிறகு மிஞ்சியது அவர்கள் போனில் எடுத்திருந்த வீடியோக்கள். அதை ஒரு டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தார்கள். போன் ஒரு சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தது. ரோகிணி தினமும் காலையில் அவன் வேலைக்குக் கிளம்பியதும் அந்த டிஸ்க்கை டிவியில் மாட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பாள் என்று சூசையம்மாள் சொல்லியிருக்கிறாள்.

ஆவணி கடைசியில் அவன் அந்த டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான்.

"வீடியோ திக்கித் திக்கி ஓடுதுங்குறா ரோகிணி. காப்பி எடுக்கலாம்னு பாத்தா அதுவும் பாதில நின்னு நின்னு போகுது. தெனமும் அதையே பாக்காத, விட்ருடின்னா கேக்குறாளா? சத்தம் போட்டுப் பாத்துட்டேன், அழுதும் பாத்துட்டேன்."

அந்தக் கடைசிப் பேச்சை மனதில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"மொதல்ல காப்பி எடுக்கவா, வேகம் பாக்கவாண்ணே? நீங்க சொல்லுங்க" என்றான்.

இந்த இடத்தில்தான் நான் வேறு மாதிரி பதில் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். மெதுவாக இருக்கும் டிஸ்க்கில் எத்தனை நாளானாலும் முதலில் காப்பி எடுப்பதுதான் தொழில். பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே நான் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"மொதல்ல வேகம் பாத்துரு. எந்த எடத்துல திக்குதுன்னு தெரிஞ்சா காப்பி எடுக்க லேசு. ரீட்-ஒன்லி போட்டுப் பாரு, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். பெயரைத் தட்டினான். பிறகு ரீட்-ஒன்லி. எழுத்துக்கு எழுத்து இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் என்டர் அடித்தான். மணி பன்னிரண்டு ஐம்பது. டிஸ்க்கின் சின்ன விளக்கு மினுக்க ஆரம்பித்ததும், "சாப்ட்டு வாரேண்ணே, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பார்த்துக்கொண்டேன். ஒரு மணி நேரமும் இருபது நிமிஷமும் எதிர்மேஜையிலிருந்து அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டேன். நடுவில் டீ சொன்னேன்.

பிறகு நடந்ததை மேலே எழுதிவிட்டேன். அவன் முகம் கழுவப் போன நேரத்தில் அவன் இயந்திரத்தில் இருந்த பதிப்பை எடுத்துவிட்டு, திருத்திய பதிப்பைப் போட்டேன். இரண்டு இருபத்தைந்துக்கு அது மாறியிருப்பதை உங்கள் நிபுணர் பீமாராவ் சரியாகவே கண்டுபிடித்தார். கெட்டிக்காரர். எனக்கு அப்படி ஒரு மாணவன் அமையவில்லை.

அவன் திரும்பி வந்ததும் ஒரு வெற்று டிஸ்க்கை மாட்டினோம். பெயர் முதலில், ரீட்-ஒன்லி பின்னால். நான் சொல்ல, அவனே தட்டினான். சமர்த்தாகப் படித்தது. மறுபடி. மறுபடி. ஏழு தடவை. ஏழு தடவையும் படித்தது, ஒரு எழுத்து எழுதவில்லை.

"அப்ப... என் கைதானாண்ணே?" என்றான்.

வெற்று டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்தேன். அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் ரோகிணி ஆபீஸுக்கே வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"விட்ருடி விட்ருடின்னு சொன்னீங்களே, இப்ப ஒரேயடியா விட வச்சிட்டீங்கள்ல?"

"ரோகிணி, நான் ரீட்-ஒன்லிதான் குடுத்தேன். சத்தியமா ரீட்-ஒன்லிதான்..."

மேடம், அந்த வாக்கியத்தை அதே அறையில், அதே மேஜைக்குப் பக்கத்தில் நான் இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இத்தனையும். சொல் மாறாமல் கேட்டேன்.

ரோகிணி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க பெரியவரு. நீங்க சொல்லுங்க. அது தானா அழியுமா?"

"டிஸ்க்ரன் சொன்னதத்தாம்மா செய்யும்" என்றேன்.

முத்துக்குமரன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஜூடு பார்த்த அதே பார்வை. ரோகிணி அன்றே சோழவந்தானில் அம்மா வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் புருஷன் வேண்டுமென்றே பிள்ளையை அழித்துவிட்டார் என்று உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்தாள்.

இதோடு நிறுத்தியிருந்தால், நடந்ததைப் பாதி விபத்து என்றுகூட ஒரு வக்கீல் வாதாடலாம். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

எழுபத்தொரு சதவீதம்தான் எழுதப்பட்டிருந்தது. இருபத்தொன்பது மிச்சம் இருந்தது. அழிந்ததை மீட்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. "நீங்கதாண்ணே எப்படியாவது..." என்று சொல்லி முத்துக்குமரன் அந்த டிஸ்க்கை அதே துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தான். மூன்று நாள் உட்கார்ந்தேன். பொய்யாக உட்காரவில்லை, உண்மையாகவே தேடினேன். தேடாமல் தேடினேன் என்று சொல்வது என் வழக்கமில்லை.

கிடைத்ததெல்லாம் துண்டும் துணுக்கும். மூன்றாம் நாள் மத்தியானம் ஒன்றே ஒன்று முழுசாகக் கிடைத்தது. முப்பத்தெட்டு விநாடி.

எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜை. திவ்யா பட்டுப்பாவாடையில் குங்குமக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறாள். ஆறு இயந்திரம் முடிந்தது. ஏழாவதாக ஜூடு குனிந்து நெற்றியைக் காட்டுகிறான்.

"எனக்கும் வைம்மா. நானும் இந்த ஆபீஸ் மிஷின்தான்."

"நீங்க ரிப்பேர் மிஷின்" என்கிறாள் அவள். நெற்றி நிறைய அப்புகிறாள். ஜூடு சிரித்துக்கொண்டே நிமிர்ந்து, கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்து, "அப்பா, பாருங்க, எனக்கும் வச்சுட்டா" என்கிறான். அதோடு முடிகிறது.

ஜூடு அசைந்து பேசுகிற படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அடக்கத்துக்கு வைத்த போட்டோ ஒன்றுதான். சூசையம்மாள் அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் ஜெபமாலை சொல்வாள். இதை அவளுக்குக் காட்டியிருக்கலாம். ரோகிணியிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அவளும் முத்துக்குமரனும் ஒரு சோபாவில் உட்கார்ந்து முப்பத்தெட்டு விநாடியையும் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்கள்.

ஒரு தடவை பார்த்தேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டேன். பிறகு டிஸ்க்ரனை எடுத்து அந்த டிஸ்க்கின் மேல் தலையிலிருந்து கால் வரை எழுதச் சொன்னேன். ஆப்ஷன்களை எல்லாம் அவற்றுக்கான இடத்தில் கொடுத்தேன். என் பக்கம் தவறு எதுவும் இல்லை. நூறு சதவீதம் வரும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

"ஒண்ணும் தேறல தம்பி" என்று சொல்லித் துண்டோடு திருப்பிக் கொடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்களாவது மூணு நாள் எனக்காக உக்காந்தீங்களேண்ணே" என்றான். இப்போது அவன் வேலைக்குப் போவதில்லை. கீபோர்டில் கை வைத்தால் விரல் நடுங்குகிறதாம். ஜூடுக்கு விரல் நடுங்குவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். இதைச் சாமியாரிடம் சொன்னதில்லை. பாவங்களைத்தானே அங்கே சொல்ல வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி.

புரோகிராமில் யார் எந்த வரியைத் தொட்டாலும், தொட்டவர் பெயர், தேதி, மணி எல்லாம் தானாகவே பதிவாகிவிடும். ஜூடை அடக்கம் செய்த மறுவாரமே முத்துக்குமரன் அந்தப் பதிவை எடுத்துப் பார்த்தான் என்று நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவன் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் இல்லை. கோளாறு இன்னதென்று அவனுக்குப் பிடிபட்டிருக்காது. பெயரை மட்டும் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுப் புதுப் பதிப்பை எடுக்கச் சொல்லிவிட்டு, பதினோரு மாதம் வாயைத் திறக்கவில்லை. "தெரிஞ்சா அண்ணன் தாங்க மாட்டாரு மேடம். அவரே பாத்து அவரே சரி பண்ணட்டும்னுதான் அவர்ட்டயே குடுத்தேன்" என்று வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறானாம். அவன் கண் கலங்கியது அதற்காகத்தான் போலிருக்கிறது.

சூசையம்மாளும் இதைத்தான் கேட்டிருப்பாள். இந்தக் கடைசித் தாளை மட்டும் அவள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

போன வருஷம், அந்த வெள்ளிக்கிழமை, மாலை மணி நாலு ஐந்து. எழுதியவர் பெயர் தனிஸ்லாஸ். எழுதி முடித்ததும் மூன்று தடவை சோதித்தும் பார்த்தேன், என் வழக்கப்படி ஆப்ஷன்களை முன்னால் தட்டி. மூன்று தடவையும் சரியாகத்தான் ஓடியது. நான் எழுதியதைச் சரிபார்த்திருக்க வேண்டியவன் அவன்தானே, மேடம்.